முதலில் உங்கள் ஊரைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார் என்று பாருங்கள்

படிப்பு முடிந்துவிட்டது, கையில் பன்னிரண்டாயிரம் ரூபாய் இருக்கிறது, முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு மூன்று வாரம் கேரளத்தைச் சுற்றி வர ஆசை. ஆனால் தேடினால் கிடைக்கும் பயணக் குறிப்புகள் எல்லாம் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியதைப் போலவே இருக்கின்றன, நம்பத்தக்க பயண வலைப்பூக்களை எப்படிக் கண்டுபிடிப்பது என்று தென்காசியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நான் செங்கோட்டைக்காரன். பதினெட்டு ஆண்டுகளாக, ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையாவது, பெரும்பாலும் அரசுப் பேருந்திலும் முன்பதிவில்லாப் பெட்டியிலும் பயணம் செய்துவருகிறேன். பிறர் எழுதிய குறிப்புகளை நம்பிப் போய் நன்மையும் அடைந்திருக்கிறேன், வெறுங்கையோடும் திரும்பியிருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்வதானால், ஊரைத் தேடாதீர்கள், ஆளைத் தேடுங்கள். போக வேண்டிய ஊரின் பெயரைப் போட்டுத் தேடுகிறவரைக்கும் ஒரே மாதிரியான எழுத்துதான் வந்து விழும். கண்ணும் காதும் திறந்து பயணம் செய்கிற நாலைந்து பேரை அடையாளம் கண்டுகொண்டால், அவர்கள் வழியாக இன்னும் பத்துப் பேர் கிடைப்பார்கள்.

அந்த நாலைந்து பேரை எப்படி அடையாளம் காண்பது? இதற்கு என்னிடம் உள்ள உரைகல் நம் சொந்த ஊர்தான். நீங்கள் போகப்போகும் வயநாட்டைப் பற்றி ஒருவர் எழுதியிருப்பது சரியா தவறா என்று உங்களால் சொல்ல முடியாது. ஆனால் அவரே குற்றாலத்தைப் பற்றியோ செங்கோட்டையைப் பற்றியோ எழுதியிருந்தால், இரண்டே நிமிடத்தில் அவருடைய தரத்தை எடைபோட்டுவிடலாம். அருவிகளில் ஆண்டு முழுவதும் தண்ணீர் கொட்டும் என்று எழுதியிருந்தால் அவர் வந்ததே இல்லை. சாரல் காலம் ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை என்பதும், ஐப்பசி கார்த்திகையில் வெள்ளம் வந்தால் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள் என்பதும், பங்குனியில் வெறும் பாறையைத்தான் பார்க்க முடியும் என்பதும், மாலை போட்ட பக்தர்கள் வரும் கார்த்திகை, மார்கழியில் அறை கிடைப்பது அரிது என்பதும் வந்து பார்த்தவருக்குத்தான் தெரியும்.

இதைவிட நுட்பமான சோதனை ஒன்று உண்டு. தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் நடுவே உள்ள பிரானூரை நாம் எல்லோரும் 'பார்டர்' என்றுதான் சொல்கிறோம். அங்கே கிடைக்கும் பரோட்டாவும் நாட்டுக்கோழியும் பெயர்பெற்றவை. பயணக் குறிப்பு எழுதுபவர்களில் பெரும்பாலோர், கேரள எல்லையில் உட்கார்ந்து பரோட்டா சாப்பிட்டோம் என்று எழுதிவிடுகிறார்கள். உண்மையில் இன்றைய மாநில எல்லை செங்கோட்டையையும் புளியரையையும் தாண்டி, மலை மேல் கோட்டைவாசலில் இருக்கிறது. 1956 நவம்பர் 1ஆம் தேதி மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்படும்வரை செங்கோட்டை திருவிதாங்கூரையும், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தையும் சேர்ந்த நிலப்பகுதி, தென்காசி சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. அதனால் அன்றைய எல்லை பிரானூரில் இருந்தது. எல்லை நகர்ந்துபோய், பெயர் மட்டும் தங்கிவிட்டது. "இங்கே ஏன் பார்டர் என்கிறார்கள்?" என்று கடைக்காரரிடமோ பக்கத்தில் சாப்பிடுபவரிடமோ ஒரு வார்த்தை கேட்டு, அந்தப் பதிலை எழுதியிருக்கும் ஒருவரைப் பார்த்தால், அவர் மற்ற ஊர்களைப் பற்றி எழுதிய அனைத்தையும் உட்கார்ந்து படிக்கத் தொடங்குவேன். ஊர்க்காரர்களோடு பேசுகிற பழக்கம் ஒருவருக்கு இருக்கிறதா என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேறு கிடையாது.

நம் ரயில் பாதையும் அப்படித்தான். செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு, தென்மலை வழியாகப் புனலூருக்குப் போகும் பாதை 1904இல் மீட்டர் கேஜாகத் திறக்கப்பட்டது. அகலப்பாதைப் பணிக்காக 2010இல் நிறுத்தப்பட்டு, 2018இல்தான் முழுமையாக மீண்டும் திறந்தது. ஆகவே இந்த வழியில் ரயிலே இல்லை என்றோ, மீட்டர் கேஜ் வண்டி இன்னும் ஓடுவதாகவோ எழுதியிருப்பவர் எதையோ பார்த்து நகல் எடுத்திருக்கிறார். "இயற்கை அன்னையின் மடியில் ஒரு பயணம்" என்று நான்கு பத்தி எழுதுபவர் ஒருபுறம் இருக்கட்டும். மலை ஏற்றத்துக்காக வண்டியின் பின்னாலும் ஒரு இன்ஜின் மாட்டித் தள்ளுகிறார்கள் என்பதையும், கழுதுருட்டிக்கு அருகே பதின்மூன்று கண் பாலத்தைக் கீழே சாலையில் நின்று பார்ப்பது வேறு, வண்டியில் இருந்தபடி கடப்பது வேறு என்பதையும், சீட்டு எவ்வளவு, கூட்டம் எந்த நாளில் குறைவு என்பதையும் எழுதுபவர்தான் உங்களுக்கு உதவுவார். செலவைக் கணக்குப் பார்த்துப் பயணம் செய்பவருக்கு வருணனை பின்னால் வந்தால் போதும்; எங்கே இறங்குவது, அங்கிருந்து எப்படிப் போவது, இரவு எங்கே படுப்பது என்பவைதான் முதலில் வேண்டும்.

அடுத்ததாக, தேதி. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி மாதத்தில் உறவினர் வீட்டு விசேஷத்துக்காகச் சுந்தரபாண்டியபுரம் போயிருந்தேன். டவுன் பஸ்ஸிலிருந்து பெரிய பைகளோடு இறங்கிய இரண்டு இளைஞர்கள், வரப்பில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் கைப்பேசியை நீட்டி மலையாளத்தில் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். திரையில் கண்ணுக்கெட்டிய தூரம் சூரியகாந்தி. எதிரே தண்ணீர் கட்டி உழுது போட்டிருந்த சேறு. "பூவெல்லாம் ஆடியோட சரிய்யா, இப்ப நடவுக்குல்ல போட்டிருக்கு" என்று பாட்டி சொன்னது அவர்களுக்குப் பாதிதான் விளங்கியது. ஆலப்புழையிலிருந்து புறப்பட்டு, கொல்லத்தில் இரவைக் கழித்து, இதற்காகவே வந்திருந்தார்கள். அவர்கள் படித்த குறிப்பை வாங்கிப் பார்த்தேன். அதில் பொய் ஒன்றும் இல்லை; படமும் இந்த ஊரில் எடுத்ததுதான். எந்த மாதத்தில் எடுத்தது என்பது மட்டும் எங்கும் இல்லை. பூக்காலம் ஜூலை, ஆகஸ்டில் சில வாரங்கள்தான், அதுவும் அந்த ஆண்டு விவசாயி எந்த வயலில் என்ன விதைத்தார் என்பதைப் பொறுத்தது என்று ஒரு வரி சேர்த்திருந்தால் அந்தப் பிள்ளைகளுக்கு இரண்டு நாளும் பணமும் மிஞ்சியிருக்கும். அன்றிலிருந்து, பயணம் செய்த மாதத்தையும் ஆண்டையும் சொல்லாத குறிப்பு எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும் நான் படிப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன், பின்பற்றுவதில்லை.

விலையும் விதியும் எவ்வளவு விரைவில் மாறுகின்றன என்பதற்கு உங்கள் பயணத்துக்குத் தொடர்புள்ள சிலவற்றைச் சொல்கிறேன். கொரோனாவுக்குப் பின் பாசஞ்சர் வண்டிகளில் குறைந்தபட்சக் கட்டணம் 30 ரூபாயாக இருந்தது. 2024 பிப்ரவரி இறுதியில் அது பழையபடி 10 ரூபாய்க்கு வந்தது. கேரள அரசின் மகளிர் சுயஉதவித் திட்டமான குடும்பஸ்ரீயின் பெண்கள் நடத்தும் ஜனகீய ஹோட்டல்களில் 20 ரூபாய்க்குச் சாப்பாடு கிடைத்தது. 2023இல் அரசு மானியம் நின்றதும் விலை கூடியது. மூணாறு டிப்போவில் பழைய பேருந்துகளைப் படுக்கை அறைகளாக மாற்றி, 2020 நவம்பரில் ஓர் இரவுக்கு 100 ரூபாய் என்று கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் தொடங்கியது. "நூறு ரூபாயில் மூணாறில் தங்கலாம்" என்று இன்று படித்தால், எழுதியவர் எந்த ஆண்டில் தங்கினார் என்பதைப் பார்த்த பிறகே கணக்கில் சேர்க்க வேண்டும். 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் தனி வாகனத்தில் போக இ-பாஸ் தேவை. அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்குத் தேவையில்லை. கையில் பணம் குறைந்தவர்களுக்குச் சாதகமான இந்தச் செய்தியை, வாடகைக் காரில் போய் வந்து எழுதுகிறவர்கள் குறிப்பிடுவதே இல்லை.

'இந்த ஆண்டு புதுப்பிக்கப்பட்டது' என்று தலைப்பில் போட்டிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். பல பக்கங்களில் ஆண்டை மட்டும் மாற்றிவிட்டு உள்ளே பழையதையே வைத்திருப்பார்கள். இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் அந்தப் பக்கத்தின் முகவரியை இட்டால், முந்தைய ஆண்டுகளில் அது எப்படி இருந்தது என்று பெரும்பாலும் பார்த்துவிடலாம். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கையில் கட்டணம்கூட மாறவில்லை என்றால் விஷயம் விளங்கிவிடும்.

இனி, பணம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் குறைந்த செலவில் பயணம் செய்பவரை இது நேரடியாகப் பாதிக்கிறது. பயணக் குறிப்பு எழுதுபவர்களில் பலருக்கு வருமானம், அவர்கள் தரும் இணைப்பு வழியாக நீங்கள் அறை பதிவு செய்யும்போது கிடைக்கும் கமிஷன்தான். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. எழுதுகிறவரும் சாப்பிட வேண்டும். ஆனால் அதன் விளைவைக் கவனியுங்கள்: கமிஷன் தராத இடங்கள் அந்தப் பட்டியல்களில் வராது. ரயில் நிலைய ஓய்வறையின் டார்மிட்டரி வராது, கோயில் தேவஸ்தான விடுதி வராது, பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில் இருக்கும் பழைய லாட்ஜ் வராது, கேரளப் பொதுப்பணித் துறையின் ஓய்வு இல்லங்கள் வராது. அந்த ஓய்வு இல்லங்களை 2021 நவம்பர் 1 முதல் பொதுமக்களும் இணையத்தில் பதிவு செய்துகொள்ளலாம் என்று ஆக்கியிருக்கிறார்கள். நல்ல அறைகள், ஊருக்கு நடுவில் இருப்பவை. பையைத் தூக்கிக்கொண்டு போகிறவருக்கு மிகவும் ஏற்ற இடங்கள்தாம் குறிப்புகளில் மிகவும் குறைவாகக் காணப்படுகின்றன என்பதற்குக் காரணம் இதுவே. ஆகையால் 'சிக்கனப் பயணம்' என்று தலைப்பிட்ட ஒரு குறிப்பில், பதிவு செய்யும் தளங்களில் இல்லாத தங்குமிடம் ஒன்றாவது சொல்லப்பட்டிருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் அந்த எழுத்தாளரைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

இலவசமாகத் தங்கவைத்து எழுதச் சொல்லும் வழக்கமும் உண்டு. இந்தியாவில் இதற்கு விதி இருக்கிறது. ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பணம் மட்டுமல்லாமல் இலவசப் பயணம், விடுதித் தங்கல் போன்றவற்றைப் பெற்றிருந்தாலும் அதை வாசகருக்குத் தெளிவாகத் தெரிவிக்க வேண்டும். தவறான விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. "இந்த விடுதியார் எங்களை அழைத்திருந்தார்கள்" என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறவரை நான் மதிக்கிறேன், அவர் சொல்லும் குறையையும் நம்புகிறேன். எல்லா விடுதியும் அருமை, எல்லா உணவும் அற்புதம் என்று எழுதிவிட்டு, யார் பணம் கொடுத்தது என்று வாய்திறக்காதவரைத் தாராளமாகத் தவிர்த்துவிடலாம்.

சரி, நல்லவர்கள் எங்கே கிடைப்பார்கள்? சுற்றுலாவுக்காக எழுதுகிறவர்களைவிட, வேறொரு பித்துப் பிடித்து அலைகிறவர்கள்தாம் துல்லியமாக எழுதுகிறார்கள் என்பது நான் கண்ட உண்மை. கேரளத்தில் அரசுப் பேருந்துக்கு 'ஆனவண்டி' என்று செல்லப்பெயர். அதன் சின்னத்தில் யானைகள் இருப்பதால் வந்தது. இந்த ஆனவண்டியின் மேல் காதல் கொண்ட இளைஞர்கள், எந்த டிப்போவிலிருந்து எந்த வண்டி எத்தனை மணிக்குப் புறப்படுகிறது, எந்த வளைவில் ஓட்டுநர் தேநீருக்கு நிறுத்துகிறார் என்பதுவரை எழுதிவைக்கிறார்கள். மலையோரப் பேருந்துப் பயணங்களுக்கு அவர்களைவிட நல்ல வழிகாட்டி கிடையாது. ரயில் ஆர்வலர்களும் அப்படியே. பறவை பார்ப்பவர்கள் ஈபேர்ட் தளத்தில் இடும் பட்டியல்களில் நாளும் நேரமும் இடமும் இருக்கும். தட்டேக்காடு பறவைகள் சரணாலயத்துக்கோ தென்மலைக்கோ எந்த மாதத்தில் ஆட்கள் போகிறார்கள், காலை எத்தனை மணிக்கு உள்ளே விடுகிறார்கள் என்பதை அவற்றிலிருந்தே ஊகித்துவிடலாம். நெடுந்தூரம் சைக்கிள் மிதிப்பவர்கள் ஏற்றத்தையும் தண்ணீர் கிடைக்கும் இடத்தையும் மறக்காமல் எழுதுவார்கள். கோயில் கோயிலாகப் போகும் பெரியவர்களின் வலைப்பூக்களில் நடை சாத்தும் நேரமும் மலிவான சாப்பாட்டுக் கடையும் கட்டாயம் இருக்கும். வெளிநாட்டு ரயில் பயணங்களுக்கு 'மேன் இன் சீட் 61' என்ற தளத்தை 2001 முதல் நடத்திவரும் மார்க் ஸ்மித், முன்னாள் ரயில்வே ஊழியர். ஒரே பொருளைப் பிடித்துக்கொண்டு இத்தனை ஆண்டுகளாகத் திருத்தித் திருத்தி எழுதுவதால்தான் அவரை உலகம் முழுவதும் நம்புகிறார்கள்.

இவர்களைத் தேடும் முறையும் வேறு. 'பார்க்க வேண்டிய பத்து இடங்கள்' என்ற வகையில் எதையும் தட்டச்சு செய்யாதீர்கள். போய் வந்தவர் மட்டுமே எழுதக்கூடிய சொற்களைப் போடுங்கள்: வழியில் உள்ள சிறு நிறுத்தங்களின் பெயர்கள், 'கடைசி பஸ்', 'கண்டக்டர் சொன்னார்', 'சில்லறை', 'டிப்போ' போன்றவை. முக்கியமான சொல்லை இரட்டை மேற்கோள் குறிக்குள் இட்டால், அந்தச் சொல் அப்படியே இருக்கும் பக்கங்களுக்கு முன்னிடம் கிடைக்கும். கூகுளில் 'கருவிகள்' என்பதைத் தொட்டு, கடந்த ஓராண்டுக்குள் வந்தவற்றை மட்டும் பார்க்கலாம். நல்ல குறிப்பு ஒன்று கிடைத்ததும் அதோடு நிற்காமல், அவர் யாருடைய எழுத்தைச் சுட்டுகிறார், யாருக்கு நன்றி சொல்கிறார் என்று பாருங்கள். நான் இன்று தொடர்ந்து படிக்கும் பலரை இப்படித்தான் கண்டடைந்தேன். அடிப்படைத் தகவலுக்கு விக்கிவாயேஜ் என்ற பயண வழிகாட்டித் தளம் போதும். விளம்பரம் இல்லாதது, விக்கிப்பீடியாவை நடத்தும் அறக்கட்டளையினுடையது.

எல்லைப் பக்கத்துக்காரர்களான நமக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது, அதை நாம் பயன்படுத்துவதில்லை. மலையாளம் காதால் கேட்டால் நமக்குப் புரிகிறது, எழுத்துத்தான் தெரியாது. ஆங்கிலத்தில் தேடினால் கேரளத்துக்கு வெளியிலிருந்து வந்து போனவர்களின் எழுத்து கிடைக்கும். மலையாளத்தில் தேடினால் ஊர்க்காரர்களுடையது கிடைக்கும். கைப்பேசியின் விசைப்பலகையில் மலையாளத்தைச் சேர்த்துக்கொண்டு வாயால் சொன்னால் அதுவே எழுதிவிடும். யூடியூபில் மலையாளப் பயணக் காணொளிகள் ஏராளம், அவற்றில் பேருந்துச் சீட்டைக் கையில் பிடித்துக் காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். எழுத்தைப் பார்க்கப் பயப்பட வேண்டாம். பல எழுத்துகள் நம் எழுத்தின் உறவுமுறைதான், இரண்டு வாரம் பேருந்துப் பலகைகளைப் படித்துப் பழகினால் ஊர்ப்பெயர்களை எழுத்துக் கூட்டிவிடலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் எந்த எழுத்தாளரையும் நம்பாதீர்கள். காட்டுக்குள் 'யாருக்கும் தெரியாத பாதை' என்று எழுதுகிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், வனத்துறை அனுமதியைப் பற்றிச் சொல்லவில்லை என்றால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அந்தச் செய்தி வந்த இரவை நம் பக்கத்தில் மலையேறுகிற யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தமிழ்நாடு வனத்துறை 2024 அக்டோபரில் 40 பாதைகளை இணையப் பதிவோடு திறந்திருக்கிறது. அகத்தியர் மலைக்குக் கேரள வனத்துறை ஆண்டுதோறும் ஜனவரியை ஒட்டி அனுமதி தருகிறது. இவற்றுக்கான நாளும் கட்டணமும் துறையின் சொந்தத் தளத்தில் உள்ளதே சரி.

உங்கள் மூன்று வாரத்தின் தொடக்கத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். மேலே சொன்னவற்றை எல்லாம் அதில் பழகிப் பார்க்கலாம். செங்கோட்டையிலிருந்து ரயிலில் புனலூர், அங்கிருந்து கோன்னி வழியாகப் பேருந்தில் பத்தனம்திட்டா, மறுநாள் விடியற்காலையில் மூழியார், கக்கி, கவி வழியாகக் குமுளிக்குப் போகும் சாதாரண அரசுப் பேருந்து. தனி வாகனங்களுக்கு நாளொன்றுக்கு இத்தனை என்று வரம்பு உள்ள காட்டுப் பாதையில், வெறும் பேருந்துக் கட்டணத்தில் போகலாம். குமுளியில் இறங்கி கம்பம், தேனி வழியாக வீடு திரும்பலாம், அல்லது வடக்கே தொடரலாம். இந்தப் பயணத்தைப் பற்றி நான் புறப்படுமுன் மூன்று குறிப்புகள் படித்தேன். ஒன்றில் அணைகளின் வருணனை மட்டும் இருந்தது. இரண்டாவது, மதிய உணவும் படகுச் சவாரியும் கட்டணத்தில் அடக்கம் என்றது. அவர் போனது போக்குவரத்துக் கழகம் தனியே நடத்தும் சுற்றுலாத் தொகுப்பில், அதைச் சாதாரண வண்டியோடு சேர்த்துக் குழப்பியிருந்தார். மூன்றாமவர் ஓர் ஆனவண்டிக்காரர். எந்த மாதம் போனார், சீட்டு எவ்வளவு, எந்த இருக்கையில் தூக்கிப் போட்டது, காலையில் சாப்பிட வண்டி எங்கே நின்றது, கவியில் இறங்கிவிட்டால் அடுத்த வண்டிக்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், மழைக்காலத்தில் மண் சரிந்தால் வண்டி போகாது என்பதெல்லாம் பத்தே வரியில் இருந்தன. அவரை நம்பிப் போனேன், ஒரு வரிகூடப் பிசகவில்லை. அவர் கடைசியாக எழுதியிருந்த யோசனையை உங்களுக்கும் சொல்கிறேன்: முந்தின நாள் மாலையில் பத்தனம்திட்டா டிப்போவில் நேரிலோ தொலைபேசியிலோ விசாரித்தால், காலை வண்டி போகிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள். மலையாளம் சரளமாக வராதே என்று தயங்க வேண்டாம், நம் பக்கத்துத் தமிழ் அவர்களுக்கு நன்றாகவே புரிகிறது.